பிரிஸ்காவின் கோடு

ஜூன் 16, வெள்ளி

புதிய நோட்டு என்பதால் முறைப்படி தொடங்குகிறேன். பெயர் ஆவுடையப்பன். வயது எழுபத்தொன்று. மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடற்கரைத் தெரு அங்கன்வாடியில் குழந்தைகளுக்குச் சத்துணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டு அமைப்பு ஆள் தேடியது. திங்களும் வெள்ளியும் போக வேண்டும். நான் தகுதியானவனா என்று தெரியாமலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது இருபதுக்கே போய்விட்டேன். கதவு திறக்கும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன்.

மொத்தம் பத்தொன்பது குழந்தைகள். எல்லாரும் மீன்பிடிக் குடும்பங்கள். ஆசிரியை ராஜகனி நாற்பது வயதுக்காரர், குரல் பெரிது. மாதம் ஒருமுறை எடை பார்ப்பது வழக்கமாம். வாரம் ஒருமுறை பார்த்தால் போக்கு தெரியும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். “நீங்களே பாத்து நீங்களே எழுதிக்கிடுங்க சார். எனக்கு அடுப்பு வேல இருக்கு” என்றார். பதிவேடு என் கைக்கு வந்தது.

குறைந்த எடை பிரிஸ்கா என்ற நான்கு வயதுப் பெண்: 11.2 கிலோ. அதிக எடை ஆன்றோ என்ற பையன்: 17.4. அவன் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “தாத்தா, ஒங்க வயித்துல இருக்கது சத்தா?” என்று கேட்டான். இல்லை, தப்பான சாப்பாடு என்றேன். ராஜகனி சமையலறையில் சிரித்தது கேட்டது.

ஜூன் 19, திங்கள்

இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

தரையில் சாக்பீஸால் பெரிய தட்டு வரைந்து மூன்றாகப் பிரித்தேன். சக்தி தருவது, வளர்ச்சி தருவது, நோயைத் தடுப்பது. சிப்பிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஒரு உணவு என்று வைத்து, எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டேன். மீன் வளர்ச்சி தரும், இறால் வளர்ச்சி தரும் என்றேன்.

“எறாலெல்லாம் கம்பெனிக்குப் போயிரும் தாத்தா” என்றான் ஆன்றோ.

“அப்படியானால் வீட்டில் என்ன குழம்பு?”

“புளித்தண்ணி.”

புளித்தண்ணிக்குக் கட்டம் இல்லை. பாடத்தை முட்டைக்கு மாற்றிக்கொண்டேன். நான் சைவம்; வாழ்நாளில் முட்டையைத் தொட்டதில்லை. ராஜகனி அவித்துக் கொடுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பெருமையைப் பத்து நிமிடம் சொன்னேன். இன்னும் சூடாக இருந்தது. உரிக்கத் தெரியவில்லை. பிரிஸ்கா வாங்கி, தரையில் ஒரு உருட்டு உருட்டி, ஒரே சுருளாக ஓட்டை உரித்துக் கொடுத்தாள்.

ஜூன் 23, வெள்ளி

பிரிஸ்கா 11.0. வளர்ச்சி அட்டையில் அவள் வயதுக்குச் சிவப்புக் கோடு 10.9-இல் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் பெயரை மேலே அனுப்ப வேண்டும்; குழந்தையும் தாயும் மாவட்ட மருத்துவமனையின் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் பதினான்கு நாள் தங்க வேண்டும்.

மதியம் அவள் தாய் ஜெஸிந்தா வந்தாள். இறால் ஷெட்டில் உரிக்கும் வேலை. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அட்டையைக் காட்டி விளக்கினேன். கோடு மேலே போனால் பிள்ளைக்கு நல்லது, கீழே போனால் ஆபத்து.

“இந்தச் செவப்புக்குக் கீழ போனாத்தான் ஆஸ்பத்திரிக்கு எழுதுவியளா சார்?”

“ஆமாம்மா.”

“மேல இருந்தா?”

“மேலே இருந்தால் ஒன்றுமில்லை.”

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நன்றாகப் புரிய வைத்தேன் என்று நினைக்கிறேன். படிக்காத பெண்ணுக்கு வரைபடத்தை ஐந்து நிமிடத்தில் விளக்குவது எளிதல்ல.

ஜூன் 30, வெள்ளி

பிரிஸ்கா 11.1. ஏறிவிட்டது! கரை வைத்த நீளமான நீலப் பாவாடை உடுத்தி வந்திருந்தாள். விசேஷமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

ஜூலை 3, திங்கள்

நண்டு நடை, தவளைப் பாய்ச்சல், ஒற்றைக்கால் ஓட்டம். புத்தகத்தில் பார்த்து வீட்டில் நானே செய்து பழகியிருந்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது. பிரிஸ்கா இரண்டு பாய்ச்சலில் உட்கார்ந்துவிட்டாள். லேசாக இருமல். கடல் காற்று.

ஜூலை 7, வெள்ளி

11.2. அதே நீலப் பாவாடை. பயிற்சி முழுக்கப் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். உடம்பை அசைக்காவிட்டால் சாப்பிட்டது எப்படி உடம்பில் ஒட்டும் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் பாவாடையை விடவில்லை. சொன்ன விதம் தவறு என்று வீடு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 14, வெள்ளி

11.3.

ஜூலை 21, வெள்ளி

11.4. ராஜகனியிடம் அட்டையைக் காட்டினேன். “பரவால்லயே சார், ஒங்க பாடம் வேல செய்யுது” என்றார். இரண்டு தெரு சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 24, திங்கள்

மனம் சரியில்லை. காரணத்தை எழுதிப் பார்க்கிறேன்.

வேலையில் இருந்தபோது பயிர் அறுவடைக் கணக்குகள் வரும். வயலுக்குப் போய் எடுத்த கணக்கு ஏறும், இறங்கும், குழம்பும். நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய கணக்கு வரிசையாக நிற்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். சொல்லத்தான் துணிவு வராது. மற்ற பதினெட்டுக் குழந்தைகளின் கோடுகளும் ஏறி இறங்கித்தான் இருக்கின்றன. பிரிஸ்காவின் கோடு நான்கு வாரமாக வாரத்துக்குச் சரியாக நூறு கிராம்.

பிள்ளை தேறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது. கன்னம் ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் என் கண்ணும் முன்போல் இல்லை.

ஜூலை 28, வெள்ளி

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

பிரிஸ்கா எடைப் பலகையில் ஏறினாள்: 11.5. இறங்கும்போது பின்னால் நின்ற ஆன்றோ பாவாடையை மிதித்துவிட்டான். கரையின் தையல் பிரிந்தது. மூன்று சாம்பல் நிறக் குண்டுகள் தரையில் விழுந்து உருண்டன.

“ஏ, வலக்குண்டு” என்றான் ஆன்றோ. வலை தண்ணீரில் அமிழ்வதற்காக ஓரத்தில் கட்டும் ஈயக்குண்டுகள்.

பிரிஸ்கா உட்கார்ந்து அவற்றைக் கையால் மூடிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ராஜகனி சமையலறையில் இருந்தார். நான் குனிந்து அந்தக் கையைத் திறந்து மூன்றையும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பிரிந்த கரையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

பதிவேட்டில் 11.5 என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து கடுகு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து 105 கிராம்.

ஜூலை 29, சனி

காலை ஏழு மணிக்கு ஜெஸிந்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

“சார், ராஜகனி டீச்சர்ட்ட சொல்லிட்டியளா?”

இல்லை என்றேன். மொத்தம் எத்தனை குண்டு என்று கேட்டேன். இருபத்து நான்கு. வாரத்துக்கு நான்கைந்தாகக் கூட்டித் தைத்திருக்கிறாள். கணக்குப் போட்டேன். பிள்ளையின் உண்மையான எடை 10.7-க்கும் கீழே.

“ஒங்களக் கும்புட்டுக்கிடுதேன் சார். ரெண்டு மாசம் தடக்காலம், கடலுக்கு யாரும் போகல. ஷெட்டுல வேல போன மாசந்தான் தொடங்கிச்சு. பதினாலு நா ஆஸ்பத்திரில கெடந்தா மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாரு. சின்னவனுக்கு ஒன்ற வயசு, அவன எங்கன விட?”

“அவள் அப்பா?”

“மங்களூர்ல மீன்புடி போட்டுல வேலைக்குப் போயிருக்காவ. கிறிஸ்மஸுக்கு வந்தாவ, வந்ததுல இருந்து ஒரே இருமல், ஒரு வாரம் படுத்தே கெடந்துட்டுப் போனாவ. இப்ப போனும் எடுக்க மாட்டேங்காவ.”

அவள் அழுதிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். அழவில்லை. ஷெட்டுக்கு நேரமாகிறது என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாவாடை கனம். பிள்ளை நடக்க முடியவில்லை. இனி அதை உடுத்தி அனுப்பாதீர்கள். எடையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். “அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டை கொடுக்கிறார்கள். மற்ற நாள் நான் அங்கே கொண்டுவந்து கொடுக்கிறேன். ஒரு மாதத்தில் தேறிவிடும்.”

“நீங்க நல்லா இருக்கணும் சார்.”

அவள் போன பிறகுதான், ஒரு மாதத்தில் தேறிவிடும் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று யோசித்தேன்.

ஜூலை 31, திங்கள்

தனியாக ஒரு சிறிய பாத்திரம் வாங்கி முட்டை அவித்தேன். எழுபத்தொரு வயதில் முதல் முறை. முதலாவது வெடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்தும் வாடை போகவில்லை. நானும் போகவில்லை, அடுப்படியிலேயே நின்று பன்னிரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

உண்மை: 10.6. பதிவேடு: 11.6.

இன்று சாதாரணக் கவுன் போட்டு வந்தாள். ஒற்றைக்கால் ஓட்டத்தில் ஐந்து தப்படி ஓடினாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன் பல் ஒன்று பாதி.

ஆகஸ்ட் 11, வெள்ளி

உண்மை: 10.7. பதிவேடு: 11.5.

உண்மையில் நூறு கிராம் ஏறியிருக்கிறது. மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன். பதிவேட்டில் நூறு கிராம் குறைத்து எழுதினேன். கோடு நேராகவே ஏறிக்கொண்டிருந்தால் விவரம் தெரிந்தவர்களுக்குச் சந்தேகம் வரும். இதில் எனக்கு அனுபவம் உண்டு.

முட்டை வேலை செய்கிறது. நான் செய்தது சரிதானோ என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

முட்டையில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கா என்றேன். இல்லை, வாய்க்குப் பிடிக்கவில்லையாம். மாலையில் உடம்பு சுடும் என்று ஆன்றோ சொன்னான், பக்கத்து வீடு. “தெனம் சாயங்காலம் சுடும் தாத்தா, காலைல சரியாயிரும். எங்கம்மா தொட்டுப் பாத்துச்சு.”

ஆகஸ்ட் 18, வெள்ளி

உண்மை: 10.5. பதிவேடு: 11.7.

வட்டாரத்திலிருந்து அதிகாரி அம்மா வந்தார். பதிவேட்டை முழுக்கப் புரட்டினார். ஒருவர்கூடச் சிவப்பில் இல்லாத மையம் இந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான் என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குழந்தைகளைக் கைதட்டச் சொன்னார்கள். நான் பேச வேண்டும் என்றார் அதிகாரி. எழுந்து நின்றேன். பிரிஸ்கா முதல் வரிசையில் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி இருமினாள். சமச்சீர் உணவு பற்றி நான்கு வாக்கியம் பேசி உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

உண்மை: 10.3. பதிவேடு: 11.8.

“சார், பிரிஸ்கா மொகம் வாடுன மாதிரி இருக்கே?” என்று ராஜகனி கேட்டார்.

“எடை ஏறியிருக்கிறதே” என்றேன்.

“அப்ப வளத்தி போலுக்கு, ஒசரம் போடுதா.”

மாலை ஷெட் வாசலுக்குப் போய் ஜெஸிந்தாவுக்காகக் காத்திருந்தேன். டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். காட்டினால் எடை போடுவார்கள். போட்டால் அட்டையைக் கேட்பார்கள். அவள் வெளியே வருவதற்குள் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

உண்மை: 10.0. பதிவேடு: 11.8.

செப்டம்பர் 4, திங்கள்

பிரிஸ்கா வரவில்லை. பாடம்: கீரை வகைகள்.

செப்டம்பர் 8, வெள்ளி

இன்றும் வரவில்லை. எடை நேரத்தில் ஆன்றோ, “அவ வெளிச்சத்தப் பாத்தா கத்துதா தாத்தா. வாந்தியா எடுக்கா” என்றான். மற்றவர்களின் எடையை முடித்து எழுதிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். பதினெட்டுப் பேர், நாற்பது நிமிடம்.

பாயில் கிடந்தாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஜெஸிந்தா இன்று ஷெட்டுக்குப் போகவில்லை. “காலைல இருந்து என்ன யாருன்னே தெரியல சார் இவளுக்கு” என்றாள். தெரு முனையில் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பிரிஸ்காவின் கால் என் மடியில் கிடந்தது. கனமே இல்லை.

பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மதியம் மூன்று மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்.

“காசநோய். மூளைக்குப் பரவியிருக்கு. வீட்ல யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா?”

“இவ அப்பாக்கு” என்றாள் ஜெஸிந்தா.

“ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம். எடை எப்பயிருந்து குறையுது? சார், நீங்க அங்கன்வாடியில இருந்துதான வர்றீங்க? வாராவாரம் எடை பாப்பீங்கன்னு சொன்னாங்க.”

என் தோள்பையில் இந்த நோட்டு இருந்தது. உண்மை எடைகள் எல்லாம் தேதியோடு இதில்தான் இருக்கின்றன.

“மையத்தில் எடை சரியாகத்தான் இருந்தது” என்றேன்.

டாக்டர் ஜெஸிந்தா பக்கம் திரும்பினார். “அப்ப வீட்ல என்னம்மா நடந்துச்சு? புள்ள இப்படி எலும்பா போற வரைக்கும் பாத்துக்கிட்டா இருந்த?”

ஜெஸிந்தா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, “எனக்குத் தெரியல மேடம்” என்றாள்.

வராந்தாவில் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவளே சொன்னாள்: “போட்டும் சார். ரெண்டு பேரும் ஏச்சு வாங்கி என்னத்துக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க, ஒங்களுக்குப் பிரஷர் மாத்திர போடுத நேரம் வந்துட்டு.”

செப்டம்பர் 11, திங்கள்

வகுப்பு எடுத்தேன். மருத்துவமனைக்குப் போகவில்லை.

செப்டம்பர் 13, புதன்

ஜெஸிந்தாவின் எண் என்னிடம் இருக்கிறது. நாளை பேச வேண்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தான். பேச நேரமில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

நான் போனபோது அங்கன்வாடி பூட்டியிருந்தது. மரத்தடியில் ராஜகனி நின்றிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“சனிக்கெழம விடியக்காலம் சார். நேத்து அடக்கம் முடிஞ்சுட்டு. ஒங்களுக்கு யாரும் சொல்லலயா?”

இல்லை என்றேன். யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

பதினெட்டுப் பேருக்கும் எடை பார்த்தேன். ஆன்றோ இறங்காமல் பலகையிலேயே நின்றான்.

“தாத்தா, பிரிஸ்கா தெனம் முட்ட தின்னாளே?”

“ஆமாம்.”

“பொறவு என்ன?”

அடுத்த பிள்ளையை வரச் சொன்னேன்.

குழந்தை இறந்தால் மையத்திலிருந்து ஒரு படிவம் போக வேண்டுமாம். ராஜகனி அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “எனக்கு எழுத மனசு வரல சார். ஒங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், நீங்களே எழுதிருங்க.”

பெயர், வயது, தாயின் பெயர். ஐந்தாவது கட்டம்: கடைசி மூன்று மாத எடை. ஆறாவது கட்டம்: மையத்தின் குறிப்பு. இறப்புக்குக் கவனக்குறைவு காரணம் என்றால், குடும்பத்தினுடையதா மையத்தினுடையதா என்று இந்த இரண்டையும் வைத்துத்தான் மேலே முடிவு செய்வார்கள் என்று ராஜகனி சொன்னார். அடுத்த வாரம் ஜெஸிந்தாவையும் விசாரிக்கக் கூப்பிடுவார்களாம்.

ஒரு பக்கம் பதிவேடு. மறு பக்கம் என் பையில் இந்த நோட்டு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“ராஜகனி, இந்த எடைகள்…”

“ஏன் சார், எதுவும் தப்பா இருக்கா?”

கையில் பசைக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். படிவத்தின் மூலையில் ஒட்டப் படம் எடுத்து வைத்திருந்தார். பொன்னாடை போர்த்திய அன்று எடுத்த குழுப் படத்திலிருந்து பிரிஸ்காவின் முகத்தை மட்டும் வெட்டியிருந்தார். ஓரத்தில் என் சட்டைக் கை கொஞ்சம் தெரிந்தது.

“இல்லை. ஜூலை மாதத்தில் ஒரு எண் ஒன்றா ஏழா என்று தெளிவாக இல்லை. அதைத்தான் பார்த்தேன்.”

“ஒங்க எழுத்துல எது சார் தெளிவா இல்லாம இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படத்தை ஒட்டினார்.

ஐந்தாவது கட்டத்தில் பதிவேட்டில் உள்ளபடி எழுதினேன். ஆறாவதில், எடை தொடர்ந்து திருப்திகரமாக இருந்தது என்று எழுதினேன். மை காய்ந்ததும் ஒருமுறை சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.